டிஸ்க்கா, டவுன்லோடா, சந்தாவா: கேம் வாங்கப் போகிறவருக்கு

பொள்ளாச்சியில் இருக்கும் அக்கா மகன், பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு வாட்ஸ்அப்பில் கேட்டான். "மாமா, கையில ஆறாயிரம் இருக்கு. டிஸ்க் வாங்கட்டுமா, ஆன்லைன்ல வாங்கட்டுமா, இல்ல மாசச் சந்தா கட்டட்டுமா? எது லாபம்?" வீட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிஎஸ்5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5 கன்சோல்) ஒன்று இருக்கிறது, டிஸ்க் போடும் மாடல். அவன் அப்பாவின் கம்ப்யூட்டரும் சுமாரான கேம்களை ஓட்டிவிடும்.

ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் 'வாங்கட்டுமா' என்று கேட்டான் பாருங்கள், அந்தச் சொல்லில்தான் இப்போது வில்லங்கமே இருக்கிறது.

வீட்டு விஷயத்தில் நமக்குக் குழப்பம் கிடையாது. கிரையம் என்றால் பத்திரம் நம் பெயரில். ஒத்தி என்றால் மொத்தமாகப் பணம் கொடுத்துக் குடியிருந்துவிட்டு, காலி செய்யும்போது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. வாடகை என்றால் மாதாமாதம். கேம் கம்பெனிகள் நான்காவதாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்கின்றன: கிரைய விலையை வாங்கிக்கொண்டு வாடகைச் சீட்டைக் கையில் கொடுப்பது. காலி செய்யச் சொன்னால் ஒத்திக்காரனுக்குப் பணமாவது திரும்பும். இங்கே அதுவும் இல்லை.

இதற்கு நல்ல உதாரணம் யூபிசாஃப்ட் என்கிற கேம் கம்பெனியின் 'தி க்ரூ'. 2014 டிசம்பரில் வந்த கார் ரேஸ் கேம். அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரு வரைபடமாக்கி, அதில் ஓட்டவிட்டார்கள். தனியாகவே விளையாடி முடிக்கக்கூடிய கதை இருந்தும், எந்நேரமும் கம்பெனியின் சர்வரோடு இணைப்பில் இருந்தால்தான் ஓடும்படி செய்திருந்தார்கள். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள். 2024 மார்ச் 31-இல் சர்வரை அணைத்தார்கள். அதோடு விட்டார்களா? அடுத்த மாதம், வாங்கியவர்களின் கணக்கிலிருந்து லைசென்ஸையே எடுத்துவிட்டார்கள். அலமாரியில் டிஸ்க் வைத்திருந்தவருக்கும் இதே கதிதான். டிஸ்க் இருக்கிறது, கேம் இல்லை. கலிஃபோர்னியாவில் இரண்டு பேர் வழக்குப் போட்டார்கள். அங்கே கம்பெனி சொன்னதன் சாரம்: நீங்கள் வாங்கியது கேமை அல்ல, அதைப் பயன்படுத்தும் அனுமதியை.

இத்தனைக்கும் அதே 2024 ஜனவரியில்தான் அதே கம்பெனியின் சந்தா பிரிவு அதிகாரி ஒருவர், சிடி டிவிடி போல கேம் சொந்தமாக இல்லாமல் இருப்பதற்கு ஜனங்கள் பழகிக்கொள்ள வேண்டியிருக்கும் என்கிற தொனியில் பேசியிருந்தார். சந்தாவைப் பற்றிய பேச்சு அது என்பது உண்மைதான். ஆனால் சர்வர் அணைந்த பிறகு அந்தப் பேச்சைப் படித்தவனுக்கு எப்படி இருக்கும்?

ஆகவே லாபக் கணக்குக்கு முன்னால் இன்னொரு கேள்வி போட வேண்டும் என்று அவனிடம் சொன்னேன். கம்பெனி மனசு மாறுகிற அன்று, உன் கையில் என்ன மிஞ்சும்? ஒவ்வொரு வழியையும் இந்தத் தராசில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் டவுன்லோட்

டவுன்லோடில் இரண்டு ஜாதி உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஒன்று ஸ்டீம் மாதிரி. வால்வ் என்கிற கம்பெனி நடத்துகிற ஆன்லைன் கடை. கம்ப்யூட்டர் கேம் என்றாலே பெரும்பாலோர் முதலில் போகிற இடம். ரூபாய் விலை உண்டு, தள்ளுபடிக் காலத்தில் விலை தரைக்கு வரும். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். இதை நான் நாலைந்து முறை பயன்படுத்தியிருக்கிறேன். ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆனால் 2024 அக்டோபரிலிருந்து அங்கே பணம் கட்டும் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: நீங்கள் பெறுவது ஸ்டீமில் இதைப் பயன்படுத்தும் உரிமம். திடீரென்று வந்த நேர்மை இல்லை அது. 2025 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த கலிஃபோர்னியா சட்டம் ஒன்று, வெறும் உரிமத்தை விற்றுக்கொண்டு 'வாங்குங்கள்' என்று பட்டன் வைப்பதானால் உண்மையையும் பக்கத்திலேயே எழுது என்றது. சட்டத்தில் ஒரு விலக்கும் உண்டு. இணையம் இல்லாமல் நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி ஃபைலைக் கொடுத்துவிடுகிற கடைக்காரருக்கு இந்தக் கட்டாயம் இல்லை.

அந்த விலக்கில் வருகிற இரண்டாவது ஜாதிதான் ஜிஓஜி. 2008-இல் போலந்தின் சிடி ப்ராஜெக்ட் தொடங்கியது. பழைய கேம்களைத் தூசி தட்டி விற்பதற்கென்றே வந்த கடை. இங்கே கேம் வாங்கினால் இன்ஸ்டாலர் ஃபைலை இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக்கொள்ளலாம். அனுமதி இருக்கிறதா என்று சோதிக்கிற பூட்டு கிடையாது, கேமைத் திறந்துவிடுகிற லாஞ்சர் செயலி கட்டாயம் கிடையாது. சட்டப்படி பார்த்தால் இதுவும் உரிமம்தான், கிரையம் ஆகிவிடவில்லை. ஆனால் சாவி நம் கையில் இருக்கிறது. நாளைக்கு அந்தக் கடையே மூடினாலும் அந்த ஃபைல் ஓடும்.

இந்த வித்தியாசம் எனக்குப் புரிந்தது சட்டம் படித்து அல்ல, மிக்ஜாம் புயலில். 2023 டிசம்பர் முதல் வாரம், பள்ளிக்கரணைப் பக்கம் வீடு. மூன்றாவது நாள் கரண்ட் வந்துவிட்டது, இணையம் வரவில்லை. வர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. தெருவில் இன்னும் முழங்கால் தண்ணீர். வெளியே போக வழியில்லாமல் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஒரு பெரிய கம்பெனியின் கேம். முழு விலை கொடுத்து வாங்கியது, தனியாளாக விளையாடுவது, கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இறக்கி வைத்தது. அந்தக் கம்பெனியின் லாஞ்சர் திறந்ததும் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, இணைப்பைச் சரிபார்த்து மீண்டும் முயலவும் என்றது. செல்போன் டவரே செத்துக் கிடக்கிற ஊரில் எந்த இணைப்பை நான் சரிபார்ப்பது? அதே ஹார்ட் டிஸ்க்கின் மூலையில், எப்போதோ இருநூறு ரூபாய்க்குள் ஜிஓஜியில் வாங்கிப் போட்ட பழைய கேம் இருந்தது. இரண்டு முறை சொடுக்கினேன், ஓடியது. அந்த வாரம் முழுக்க அதுதான் துணை.

ஸ்டீமுக்கும் நியாயம் செய்ய வேண்டும். அதில் ஆஃப்லைன் முறை இருக்கிறது. முன்கூட்டியே ஒருமுறை ஒழுங்காகத் திறந்து வைத்திருந்தால் பெரும்பாலும் கைவிடாது. அங்கே விற்கிற கேம்களில் சில பூட்டே இல்லாதவை. ஃபோல்டரிலிருந்து நேராகவே திறக்கும். தொல்லை எங்கே என்றால், ஸ்டீமில் வாங்கினாலும் சில கம்பெனிகள் தங்கள் சொந்த லாஞ்சரையும் மேலே ஏற்றிவிடும். வாங்குவதற்கு முன் கேமின் பக்கத்தில் வலது ஓரத்தைப் பாருங்கள். வேறொரு கணக்கு தேவை, வெளியார் பூட்டு இருக்கிறது என்றெல்லாம் அங்கே போட்டிருப்பார்கள். நான் இப்போது விலையைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்க்கிறேன்.

இன்னொன்று. ஸ்டீம் கணக்கை உயில் எழுதி யாருக்கும் விட முடியாது. 2024-இல் ஒருவர் கேட்டதற்கு, கணக்கு கைமாறாது என்று பதில் வந்தது செய்தியானது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த குடும்பப் பகிர்வு வசதியில் 6 பேர் வரை ஒரே நூலகத்தைப் பயன்படுத்தலாம், ஆனால் ஒரே வீட்டுக்காரராக இருக்க வேண்டும். பொள்ளாச்சிக்கும் பள்ளிக்கரணைக்கும் நடுவே ஐந்நூறு கிலோமீட்டர். இதைச் சொன்னதும் பையன் கொஞ்சம் சோர்ந்துபோனான் என்பது வேறு விஷயம்.

டிஸ்க் என்கிற நம்பிக்கை

டிஸ்க் கையில் இருந்தால் நமக்குச் சொந்தம் என்று நினைப்பது நம் ஊர்ப் பழக்கம். அதில் பாதி சரி. முடித்துவிட்டு விற்கலாம், நண்பனுக்குக் கொடுக்கலாம், பழையதாக வாங்கலாம். நான் நாலாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கிய ஒரு டிஸ்க்கை, ஒரு மாதத்தில் முடித்து 2,600-க்குத் தள்ளிவிட்டேன். அந்தக் கேமுக்கு உண்மையில் எனக்கு ஆன செலவு ஆயிரத்து ஐந்நூறோ என்னவோ. டவுன்லோடில் இந்த வித்தை நடக்காது. லாபம் என்று அவன் கேட்டானே, கன்சோல்காரனுக்கு அந்த லாபம் இங்கேதான் இருக்கிறது.

இந்த உரிமையையும் ஒருமுறை பிடுங்கப் பார்த்தார்கள். 2013-இல் 'எக்ஸ்பாக்ஸ் ஒன்' கன்சோல் வருவதற்கு முன், 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் தலையைக் காட்ட வேண்டும், பழைய டிஸ்க் விற்பனைக்குக் கட்டுப்பாடு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. சோனி உடனே ஒரு குட்டி வீடியோ விட்டது. பிளேஸ்டேஷன் கேமை நண்பருக்குக் கொடுப்பது எப்படி? ஒருவர் டிஸ்க்கை நீட்டுகிறார், மற்றவர் வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான் வீடியோ. எதிர்ப்புத் தாங்காமல் ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் மொத்தத்தையும் வாபஸ் வாங்கியது.

அப்புறம் பத்து வருடத்தில் டிஸ்க் தானாகவே தேய்ந்துவிட்டது. 2025 மே மாதம் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' கேமின் பிஎஸ்5 டிஸ்க்கில் இருந்தது வெறும் 85 எம்பி. மீதி எல்லாம் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். 100 ஜிபி பக்கம் வருகிற கேமை, நாளுக்கு 2 ஜிபி ரீசார்ஜ் வைத்திருக்கிற வீட்டில் இறக்கினால் என்ன ஆகும்? ஐம்பது நாள். அதுவும் வீட்டில் வேறு யாரும் சீரியல் பார்க்காமல் இருந்தால். நின்டெண்டோ 2025 ஜூன் 5-இல் கொண்டுவந்த ஸ்விட்ச் 2 கன்சோலில் 'கேம் கீ கார்டு' என்றே ஒரு வகை வைத்துவிட்டார்கள். கார்டு இருக்கும், உள்ளே கேம் இருக்காது, சாவி மட்டும். விற்கலாம் என்பது ஒரு ஆறுதல். அதே மெஷினுக்கு 'சைபர்பங்க் 2077' முழுசாக 64 ஜிபி கார்டிலேயே வந்தது. ஆக, முடியாது என்றில்லை. செலவு செய்ய மனமில்லை.

மெஷினிலும் இதே கதை. 2024 நவம்பரில் வந்த பிஎஸ்5 ப்ரோவில் டிஸ்க் டிரைவே கிடையாது, தனியாக வாங்கி மாட்ட வேண்டும். மாட்டும்போது ஒருமுறை இணையத்தில் பதிவு செய்தால்தான் அது வேலை செய்யும். அந்த மெஷின் வெளியானபோது இந்தியாவுக்கு வரவில்லை. 6 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு இங்கே அனுமதி இல்லை என்று சோனி காரணம் சொன்னது. அதனால் நம் பையனுக்கு அந்த ஆசையும் வரவில்லை, நல்லதாயிற்று.

பழைய டிஸ்க் வாங்குகிறவர்கள் கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கன்சோலின் வைஃபையை அணைத்துவிட்டு, அந்த டிஸ்க்கைப் போட்டு இன்ஸ்டால் செய்து திறக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முறைப்பார். பரவாயில்லை. திறந்தால் அது கேம். திறக்காவிட்டால் அது பிளாஸ்டிக் தட்டு.

சந்தா

இதைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. சந்தா வாடகை, வாடகை என்று சொல்லித்தான் வாங்குகிறார்கள், அந்த அளவில் இது நேர்மையான வியாபாரம். மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் 2017-இல் மாதம் 9.99 டாலருக்கு ஆரம்பித்தது. 2019-இல் வந்த அல்டிமேட் வகை 14.99. அது 2023-இல் 16.99, 2024-இல் 19.99, 2025 அக்டோபரில் ஒரே தாவாக 29.99. கடைசி உயர்வு மட்டும் 50 சதவீதம். அன்று ரத்து செய்யப் போனவர்கள் கூட்டத்தில் கணக்குப் பக்கமே திணறியது. இடையில் கேம்களும் வந்து போகும். ஜிடிஏ 5 என்கிற பிரபல கேம் அதில் எத்தனை முறை உள்ளே வந்து வெளியே போனது என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன்.

மே மாத லீவில் ஒரு மாதம் கட்டு, வரிசையாக நாலு கேமை முடி, தானாகப் புதுப்பிக்கும் பட்டனை அன்றைக்கே அணைத்துவிடு. இப்படிப் பயன்படுத்துகிறவனுக்குச் சந்தாவைவிட மலிவான வழி கிடையாது. வருடக்கணக்கில் மறந்துபோய்க் கட்டிக்கொண்டிருப்பவருக்கு இதைவிட நஷ்டமும் கிடையாது. நான் இரண்டாவது ரகமாக ஒன்றரை வருடம் இருந்தேன்.

கத்தினால் கேட்குமா?

சில நேரம் கேட்கும். 2024 மே மாதம் 'ஹெல்டைவர்ஸ் 2' கேமைக் கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்களும் பிளேஸ்டேஷன் கணக்கை இணைத்தே ஆக வேண்டும் என்று சோனி சொன்னது. பிளேஸ்டேஷன் சேவையே இல்லாத நாடுகளிலும் அந்தக் கேமை ஏற்கெனவே விற்றிருந்தார்கள். இரண்டு லட்சத்துக்கு மேல் எதிர்மறை விமர்சனம் குவிந்தது, மூன்று நாளில் முடிவை மாற்றிக்கொண்டார்கள். 2023 டிசம்பரில் டிஸ்கவரி டிவி நிகழ்ச்சிகளைப் பிளேஸ்டேஷனில் காசு கொடுத்து வாங்கியவர்களின் நூலகத்திலிருந்து அழிக்கப்போவதாக அறிவித்ததும் அதே சோனிதான். எதிர்ப்புக்குப் பிறகு, குறைந்தது 30 மாதம் இருக்கும் என்றார்கள். கவனியுங்கள்: திருப்பிக் கொடுத்தது சொந்தத்தை அல்ல, அவகாசத்தை.

'தி க்ரூ' விவகாரத்தில் கேம் திரும்பி வரவில்லை. ஆனால் அதிலிருந்து கிளம்பிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் பெரிதாக வளர்ந்தது. ராஸ் ஸ்காட் என்கிற யூடியூபர் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்கள் வைத்த மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. அவர்கள் கேட்பது சர்வரை எப்போதும் ஓட்டு என்பதல்ல. நிறுத்தும்போது விளையாடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போ என்பதுதான். யூபிசாஃப்டும் 'தி க்ரூ' வரிசையின் பிந்தைய கேம்களுக்கு ஆஃப்லைன் முறை தருவதாக அறிவித்தது. கோபம் முதல் கேமைக் காப்பாற்றவில்லை, இரண்டாவதைக் காப்பாற்றியது.

பணம் முழுசாகத் திரும்பிய கதைகளும் உண்டு. இணையம் வழியாகவே கேம் ஓட்டிய கூகுளின் ஸ்டேடியா சேவை 2023 ஜனவரி 18-இல் மூடியபோது கேம் வாங்கிய காசைக் கொடுத்தார்கள். சோனியின் 'கான்கார்ட்' 2024 ஆகஸ்ட் 23-இல் வந்து செப்டம்பர் 6-இல் மூடியது, அதற்கும் கொடுத்தார்கள். இரண்டிலும் தோல்வி ஊரறிந்தது. பத்து வருடம் ஓடி, கல்லா நிறைந்த பிறகு மூடுகிற கேமுக்கு அந்தத் தாராளம் வருவதில்லை.

யாரும் வெளியே சொல்லாத வழி ஒன்று பாக்கி: திருட்டுக் காப்பி. வாங்கினாலும் சொந்தமில்லை என்றால், எடுப்பது எப்படித் திருட்டு ஆகும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பர்மா பஜாரில் சிடி வாங்கி வளர்ந்தவன் நான், புனிதன் வேஷம் போட மாட்டேன். ஆனால் அப்பா வங்கிக் கணக்கைத் திறக்கிற அதே கம்ப்யூட்டரில் எங்கிருந்தோ வந்த, பூட்டை உடைக்கிற 'க்ராக்' ஃபைலை ஓட்டுவது கேமைப் பற்றிய முடிவே அல்ல. அதைவிட, ஜிஓஜியில் பூட்டில்லாமல் நம்பி விற்கிற சின்னக் குழுக்களின் கேமையும் இப்படித்தான் எடுக்கிறார்கள். அங்கே அந்த வாதம் நொண்டுகிறது.

சரி, ஆறாயிரத்துக்கு வருவோம். நான் அவனுக்குச் சொன்னது இவ்வளவுதான். கன்சோலுக்குப் பழைய டிஸ்க் ஒன்று, வைஃபை அணைத்துச் சோதித்து வாங்கு, முடித்ததும் விற்றுவிடு. கம்ப்யூட்டருக்கு எது வேண்டுமானாலும் முதலில் ஜிஓஜியில் தேடு. இருந்தால் அங்கே வாங்கி இன்ஸ்டாலரை வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வை. அங்கே இல்லாததை ஸ்டீமில் தள்ளுபடிக்குக் காத்திருந்து எடு. சந்தா லீவுக்கு ஒரு மாதம். எந்நேரமும் சர்வர் கேட்கிற கேமுக்கு முழு விலை ஒருபோதும் கொடுக்காதே. அதற்குக் கொடுக்கிற காசை சினிமா டிக்கெட் காசு என்று நினைத்துக்கொள், பார்த்தாயிற்று, முடிந்தது. நண்பர்கள் எல்லாரும் அதைத்தான் விளையாடுகிறார்கள் என்றால் நீயும் விளையாடுவாய், தெரியும். குறைந்தது விலை இறங்கும்வரை பொறு.

அவன் கோயம்புத்தூர் போய் 1,800 ரூபாய்க்கு ஒரு பழைய டிஸ்க் வாங்கினான். கடையில் சோதித்துப் பார்க்க வெட்கமாக இருந்ததாம், வீட்டுக்கு வந்து ரூட்டரையே பிடுங்கிவிட்டுப் போட்டிருக்கிறான். இரவு பத்து மணிக்கு டிவி திரையின் போட்டோ வந்தது. "ஓடுது மாமா, நெட் இல்லாம!" பின்னாலேயே அக்காவின் குரல் பதிவும் வந்தது. "உன் பேச்சைக் கேட்டு ரூட்டரப் பிடுங்கிட்டான்டா, என் சீரியல் பாதியில நிக்குது."